பிரவுசரில் ஷார்ட்கட் வேலை செய்யவில்லையா? நடுவில் யார் பிடித்தார்கள் என்று பாருங்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸைச் சுற்றியுள்ள டிடிபி கடைகளிலும் இ-சேவை மையங்களிலும் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்களுக்குப் பழக்கமான புகார் ஒன்று உண்டு: "நேத்து வரைக்கும் இந்தக் கீ வேலை செஞ்சுது சார், இன்னிக்குச் செய்யல." காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். ஒருவர் வைரஸ் என்பார். இன்னொருவர் கீபோர்டு போச்சு என்பார். பக்கத்துக் கடைக்காரர் வந்து, பிரவுசரை எடுத்துட்டுத் திரும்பப் போடுங்க, சரியாகிடும் என்பார். பெரும்பாலும் இந்த மூன்றும் இல்லை.

ஷார்ட்கட் என்பது இரண்டு மூன்று கீகளைச் சேர்த்து அழுத்தி ஒரு வேலையை முடிப்பது. மவுஸைத் தேடிப் போக வேண்டியதில்லை. பலர் நினைப்பது போல அந்த வேலை கீக்குள் இல்லை. முழுக்கப் பிரவுசருக்குள்ளும் இல்லை. நீங்கள் கீயை அழுத்துவதற்கும் திரையில் ஏதாவது நடப்பதற்கும் இடையில் பல கைகள் இருக்கின்றன. எந்தக் கை பிடித்துக்கொண்டது என்று தெரிந்துவிட்டால், பழைய ஷார்ட்கட்டை மீட்பது ஐந்து நிமிட வேலை. தெரியாவிட்டால் நாள் முழுக்க இன்ஸ்டால் செய்துகொண்டே இருக்கலாம்.

மேல்மடையும் கடைமடையும்

நம்ம வட ஆற்காட்டு ஏரிகள் ஒன்றோடு ஒன்று தொடுத்தவை. வாலாஜாபேட்டைப் பக்கம் பாலாற்று அணைக்கட்டில் பிரியும் கால்வாய் காவேரிப்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால்தான் கீழ் ஏரிக்குத் தண்ணீர். வழியில் ஒருவர் மடையைத் திறந்து வைத்துக்கொண்டால் கடைமடைக்காரருக்கு ஒன்றும் வராது. அவர் மழையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஆற்றில் தண்ணீர் வந்துதான் இருக்கும், வழியில் நின்றிருக்கும்.

கீயை அழுத்துவதும் இதே கணக்குதான், ஒரு வித்தியாசத்தோடு. தண்ணீரைப் பங்கு போடலாம், கீ அழுத்தத்தைப் பங்கு போட முடியாது. வழியில் முதலில் பிடித்தவர் முழுதாக எடுத்துக்கொள்வார். அடுத்தவருக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியாது.

வழியில் யார் யார்?

முதல் ஆள் கீபோர்டு. நீங்கள் எஃப் கீயை அழுத்தினால் அது "எஃப்" என்ற எழுத்தை அனுப்புவதில்லை. இந்த இடத்தில் உள்ள கீ அழுத்தப்பட்டது என்று ஓர் எண்ணை மட்டும் அனுப்புகிறது. அந்த எண்ணுக்கு ஸ்கேன் கோடு என்று பெயர்.

அந்த எண் இயங்குதளத்துக்குப் போகிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் போல கம்ப்யூட்டர் முழுவதையும் நடத்தும் அடிப்படை மென்பொருள்தான் இயங்குதளம். நீங்கள் தேர்ந்திருக்கும் மொழி என்ன என்று பார்த்து எண்ணை எழுத்தாக மாற்றுவது அதன் வேலை. தனக்கென்று வைத்திருக்கும் ஷார்ட்கட்டுகளை அங்கேயே பிடித்தும் கொள்ளும். ஆல்ட் டேப் அழுத்தினால் ஜன்னல் மாறுவது அப்படித்தான். சாதாரணமாக எந்தப் பிரவுசரும் அதைத் தடுப்பதில்லை. ஸ்கிரீன்ஷாட் மென்பொருள், கிராஃபிக்ஸ் கார்டோடு வரும் மென்பொருள், தமிழ் டைப்பிங் மென்பொருள் எல்லாம் இந்த மட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

அங்கே தப்பி வந்ததை, திரையில் முன்னால் நிற்கும் புரோகிராம் வாங்கும். அது பிரவுசர் என்றால் உள்ளே இன்னும் மூன்று கட்டம். கண்ட்ரோல் டி (T), கண்ட்ரோல் என், கண்ட்ரோல் டபிள்யூ போன்ற சிலவற்றை பிரவுசர் சாதாரணமாக யாருக்கும் விட்டுக்கொடுக்காது. அதில் நியாயம் இருக்கிறது. டேபை மூடும் ஷார்ட்கட்டையே ஒரு மோசடித் தளம் பிடித்துவைத்துக்கொண்டால் நீங்கள் எப்படி வெளியே வருவீர்கள்? மற்றவற்றை முதலில் திறந்திருக்கும் இணையப்பக்கத்திடம் காட்டும். பக்கம் வேண்டாம் என்று விட்டால்தான் பிரவுசர் தன் வழக்கமான வேலையைச் செய்யும். கண்ட்ரோல் எஃப், கண்ட்ரோல் எஸ், கண்ட்ரோல் பி (P) மூன்றும் இந்தக் கடைசிக் கட்டத்தில் இருப்பவை.

சுருக்கமாக: கீபோர்டு, இயங்குதளம், பிரவுசரின் சொந்த விசைகள், இணையப்பக்கம், கடைசியில் பிரவுசரின் மற்ற ஷார்ட்கட்டுகள். பெரும்பாலானவர்கள் குறை சொல்வது கடைசி மடையை. தவறு அதற்கு மேலே எங்கோ இருக்கும்.

பக்கம் பிடித்துக்கொண்டால்

கூகுள் டாக்ஸில் கண்ட்ரோல் எஃப் அழுத்திப் பாருங்கள். பிரவுசரின் தேடல் பெட்டி வராது, டாக்ஸின் சொந்தப் பெட்டி வரும். அங்கே அது சரியான ஏற்பாடுதான். நீண்ட ஆவணத்தின் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் திரையில் ஏற்றப்பட்டிருக்காது, பிரவுசரின் தேடல் பாதியைத் தவறவிட்டுவிடும்.

எரிச்சல் தருவது வேறு வகை. பேங்க் கணக்கு எண்ணை இரண்டாம் முறை அடிக்கச் சொல்லும் பெட்டியில் கண்ட்ரோல் வி வேலை செய்யாது. கீயில் கோளாறு இல்லை, பக்கத்தை எழுதியவர் வேண்டுமென்றே தடுத்துவைத்திருக்கிறார். பார்த்து அடிக்கட்டும், தப்பு வராது என்பது அவர் நினைப்பு. பதினாறு இலக்கத்தைக் கையால் அடிப்பதில்தான் தப்பு அதிகம் வரும் என்பது என் கட்சி.

பக்கம் ஷார்ட்கட்டைப் பிடித்துக்கொள்வதற்கு ஃபயர்பாக்ஸில் ஒரு தீர்வு உண்டு, பலருக்குத் தெரியாது (கண்ட்ரோல் வி-யைத் தடுக்கும் பெட்டியில் இது பெரும்பாலும் உதவாது). பக்கத்தில் நின்று கண்ட்ரோல் ஐ அழுத்தினால் பேஜ் இன்ஃபோ என்று ஒரு சின்ன ஜன்னல் வரும். அதில் பெர்மிஷன்ஸ் பகுதிக்குப் போனால் "ஓவர்ரைடு கீபோர்டு ஷார்ட்கட்ஸ்" என்று ஒரு வரி இருக்கும். அதை பிளாக் என்று மாற்றினால் அந்தத் தளம் பிரவுசரின் ஷார்ட்கட்டுகளைப் பிடிக்க முடியாது. அந்த ஒரு தளத்துக்கு மட்டும்தான் இது பொருந்தும். அந்தத் தளத்தில் பயனுள்ள சொந்த ஷார்ட்கட் ஏதாவது இருந்தால் அதுவும் போய்விடலாம், பார்த்துச் செய்யுங்கள்.

மொழி மாறியிருந்தால்

காந்தி ரோட்டில் சிஎம்சி ஆஸ்பத்திரியை ஒட்டிய கடைப் பலகைகளைப் பார்த்தால், தமிழுக்குக் கீழே வங்காள எழுத்தும் இருக்கும். வைத்தியத்துக்கு அங்கிருந்து வருபவர்கள் அவ்வளவு பேர். அந்தத் தெருவின் பிரவுசிங் சென்டர்களில் ஒரே மெஷினில் தமிழும் வங்காளமும் இந்தியும் போட்டுவைத்திருப்பார்கள். ஒருவர் ஊருக்கு மெயில் அனுப்பிவிட்டு எழுந்து போவார், மொழி வங்காளத்திலேயே நிற்கும். அடுத்தவர் உட்கார்ந்து வீடியோ பார்ப்பார். கே அழுத்தினால் நிற்க வேண்டிய வீடியோ நிற்காது. கீபோர்டு போச்சு என்று எழுந்து கவுண்டருக்குப் போவார்.

நடந்தது இதுதான். கீபோர்டு வழக்கம்போல எண்ணை அனுப்பியது. இயங்குதளம் அதை வேறு எழுத்தாக மாற்றிவிட்டது. தமிழிலும் இதே கதைதான். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 கீபோர்டில் ஜே இருக்கும் இடத்தில் ப, கே இடத்தில் ம, எல் இடத்தில் த. தளம் "கே வந்ததா?" என்று காத்துக்கொண்டிருக்கிறது, போய்ச் சேருவதோ "ம". சில தளங்கள் எழுத்தைப் பார்க்காமல் கீ இருக்கும் இடத்தைப் பார்க்கும், அங்கே பிரச்சினை வராது. எழுத்தைப் பார்க்கும் தளங்களில் ஒற்றை எழுத்து ஷார்ட்கட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் செத்துவிடும். கண்ட்ரோல் சேர்ந்தவை பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். ஒற்றை எழுத்து வேலை செய்யவில்லை, கண்ட்ரோலோடு சேர்த்தால் வேலை செய்கிறது என்றால் முதல் சந்தேகம் மொழியின் மேல்தான் விழ வேண்டும்.

விண்டோஸில் திரையின் வலது கீழ் மூலையில் மொழிக் குறி இருக்கும். விண்டோஸ் கீயும் ஸ்பேஸ்பாரும் சேர்த்து அழுத்தினால் மாறும். இடது ஆல்ட்டும் ஷிஃப்டும் சேர்ந்தாலும் மாறும். இந்த இரண்டாவதுதான் வம்பு, வேறு எதற்கோ கை வைக்கும்போது தெரியாமலே மாறிவிடும். மொழி அமைப்புகளில் தேவையில்லாத மொழியை எடுத்துவிடலாம், அல்லது இந்த ஆல்ட் ஷிஃப்ட் வழியை மட்டும் நிறுத்தலாம்.

லேப்டாப்பில் எஃப்5 அழுத்தினால் பக்கம் புதுப்பிக்காமல் திரை வெளிச்சமோ சத்தமோ மாறினால், அது மேல்வரிசை எஃப் கீகளின் முறை மாறியது. பல மாடல்களில் எஃப்என் கீயும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் பழைய முறைக்கு வரும். அதுவும் இல்லையென்றால், கம்ப்யூட்டர் தொடங்கும்போதே திறக்க வேண்டிய பயாஸ் அமைப்பில் மாற்ற வேண்டியிருக்கும்.

பிரவுசரே கைவிட்ட கீ

சில நேரம் யாரும் நடுவில் பிடிக்கவில்லை, பிரவுசரே அந்த ஷார்ட்கட்டை நீக்கியிருக்கும். மிகப் பெரிய உதாரணம் பேக்ஸ்பேஸ். ஒரு காலத்தில் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் முந்தைய பக்கத்துக்குப் போகும். பட்டா மாறுதலுக்கோ வருமானச் சான்றிதழுக்கோ முக்கால்வாசி விண்ணப்பத்தை நிரப்பி முடித்திருப்பீர்கள். கர்சர் பெட்டிக்கு வெளியே போனது தெரியாமல், ஓர் எழுத்தை அழிக்கப் பேக்ஸ்பேஸ் தட்டுவீர்கள். பக்கம் பின்னால் போய்விடும், அடித்தது எல்லாம் காலி. இப்படி இழந்தவர்கள் உலகம் முழுக்க இருந்ததால் குரோம் 2016இல் 52ஆம் பதிப்பில் அதை எடுத்துவிட்டது. அதற்கு பதிலாக ஆல்ட்டோடு இடது அம்புக்குறி. பழகியவர்கள் சத்தம் போட்டதும் பேக்ஸ்பேஸைத் திருப்பித்தரும் எக்ஸ்டென்ஷன் ஒன்றை கூகுளே வெளியிட்டது. பிரவுசரோடு நாமாகச் சேர்த்துக்கொள்ளும் சின்ன மென்பொருளுக்குத்தான் எக்ஸ்டென்ஷன் என்று பெயர். ஃபயர்பாக்ஸ் 2021இல், 87ஆம் பதிப்பில் இதே வழிக்கு வந்தது.

ஃபயர்பாக்ஸில் மட்டும் கதவை முழுக்க அடைக்கவில்லை. முகவரிப் பெட்டியில் ஆங்கில எழுத்தில் அபவுட், முக்காற்புள்ளி, கான்ஃபிக் என்று இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டுங்கள். எச்சரிக்கை ஒன்று வரும், ஏற்றுக்கொண்டு உள்ளே போங்கள். மேலே உள்ள தேடல் பெட்டியில் பேக்ஸ்பேஸ் என்று அடித்தால் "பேக்ஸ்பேஸ் ஆக்‌ஷன்" என்று முடியும் வரி வரும். அதன் மதிப்பு 2 என்றால் கீ சும்மா இருக்கும். 1 என்றால் பக்கம் மேலே நகரும். 0 என்றால் பழையபடி முந்தைய பக்கம். மாற்றியதும் அந்த வரி தடித்த எழுத்தாகும், ஓரத்தில் வளைந்த அம்பு தோன்றும். வேண்டாம் என்று தோன்றினால் அந்த அம்பைத் தட்டினால் போதும். அந்தப் பக்கத்தில் இருக்கும் மற்ற வரிகளைத் தொடாதீர்கள்.

ஒருநாள் முழுக்க விண்ணப்பம் நிரப்பும் மெஷினில் இதை மாற்றவே வேண்டாம் என்பேன். வீட்டில் படிக்க மட்டும் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் என்றால் தாராளமாகச் செய்யலாம்.

ஃபயர்பாக்ஸில் கண்ட்ரோல் டேப் வரிசையாகப் போகாமல் கடைசியாகப் பார்த்த டேபுக்குத் தாவுகிறது என்பதும் அடிக்கடி கேட்கும் குறை. சிலருக்கு நேர்மாறு. இதற்கு உள்ளே நுழைய வேண்டியதில்லை. செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில் டேப்ஸ் என்ற தலைப்பின் கீழ் ஒரு டிக், அவ்வளவுதான்.

எக்ஸ்டென்ஷன் நுழைந்த இடம்

எக்ஸ்டென்ஷன்களும் தமக்கென்று ஷார்ட்கட் கேட்டு வாங்கிக்கொள்ளும். பெரும்பாலும் உங்களிடம் சொல்லிவிட்டுச் செய்வதில்லை. கூப்பன் தேடித்தருகிறேன், பிடிஎஃப் மாற்றித்தருகிறேன் என்று போட்ட ஏதோ ஒன்று, நீங்கள் தினம் பயன்படுத்தும் சேர்க்கையை எடுத்து வைத்திருக்கும்.

குரோமிலும் எட்ஜிலும் எக்ஸ்டென்ஷன்களை நிர்வகிக்கும் பக்கத்துக்குப் போய், இடது பக்கப் பட்டியலில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் என்பதைத் திறந்தால் யார் எதைப் பிடித்திருக்கிறார்கள் என்று வரிசையாகத் தெரியும். அங்கேயே நீக்கலாம், மாற்றலாம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "குளோபல்" என்று ஒரு தேர்வும் இருக்கும். அதைப் போட்டால் பிரவுசர் பின்னால் இருந்தாலும் அந்த ஷார்ட்கட் பிடிபடும். வேர்டில் டைப் செய்யும்போது பாட்டு நின்றுபோகிறதே என்று குழம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. ஃபயர்பாக்ஸில் ஆட்-ஆன்ஸ் பக்கத்தில் பல்சக்கரப் படத்தைத் தட்டினால் எக்ஸ்டென்ஷன் ஷார்ட்கட்டுகளை நிர்வகிக்கும் வரி கிடைக்கும்.

எந்த மடை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வேலை செய்யாத ஷார்ட்கட்டை முதலில் வெற்று டேபில் அழுத்திப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் பெரும்பாலும் இணையப்பக்கம்தான் பிடிக்கிறது. அங்கேயும் இல்லையென்றால், பார்த்த பக்கங்களைப் பதிந்துவைக்காத இன்காக்னிட்டோ ஜன்னலில் பாருங்கள். நீங்களாக அனுமதி தந்தால் ஒழிய எக்ஸ்டென்ஷன்கள் அதில் ஓடாது, அதனால் அங்கே வேலை செய்தால் எக்ஸ்டென்ஷன்தான் காரணம். ஃபயர்பாக்ஸில் ஹெல்ப் மெனுவில் உள்ள டிரபிள்ஷூட் மோடும் இதற்கு உதவும். அதிலும் இல்லையென்றால் வேறொரு பிரவுசர். எல்லாப் பிரவுசரிலும் செத்திருந்தால் விஷயம் இயங்குதளத்திலோ கீபோர்டிலோ இருக்கிறது. அப்போது இடது கண்ட்ரோலுக்குப் பதில் வலது கண்ட்ரோலை அழுத்திப் பாருங்கள். அதில் வேலை செய்தால், சரி, நிஜமாகவே கீபோர்டு போச்சு.

நமக்குப் பிடித்த கீயை எப்படி வாங்குவது?

இங்கே பிரவுசருக்குப் பிரவுசர் நிறைய வித்தியாசம். விவால்டியில் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதியில் எந்த வேலைக்கும் எந்தக் கீயையும் கொடுக்கலாம். எல்லாவற்றையும் பழைய நிலைக்கு மாற்றும் பொத்தானும் உண்டு. அது அப்படி இருப்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பழைய ஓபரா பிரவுசர் கீகளை மாற்றுவதற்குப் பேர்போனது. 2013இல் ஓபரா, பக்கங்களைத் திரையில் காட்டும் தன் சொந்த இன்ஜினை விட்டு, குரோமுக்கு அடிப்படையான குரோமியத்துக்கு மாறியபோது அந்த வசதிகளில் பல போய்விட்டன. ஓபராவைத் தொடங்கியவர்களில் ஒருவரான யோன் வான் டெட்ஸ்னர் பிறகு தொடங்கியதுதான் விவால்டி, அதன் முதல் பதிப்பு 2016இல் வந்தது. பிரேவ் பிரவுசரிலும் இப்போது ஷார்ட்கட்டுகளை மாற்றும் பக்கம் இருக்கிறது.

குரோமில் அதன் சொந்த ஷார்ட்கட்டுகளை மாற்ற அமைப்புப் பக்கம் இல்லை. ஷார்ட்கீஸ், விமியம் போன்ற எக்ஸ்டென்ஷன்கள் ஓரளவு உதவும். ஆனால் செட்டிங்ஸ் பக்கம், எக்ஸ்டென்ஷன் கடை போன்ற பிரவுசரின் சொந்தப் பக்கங்களில் அவை இயங்காது. பாதுகாப்புக்காகவே அங்கே அவற்றுக்கு அனுமதி இல்லை. பாதி இடத்தில் வேலை செய்கிறது, பாதி இடத்தில் இல்லை என்று எக்ஸ்டென்ஷனைத் திட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஃபயர்பாக்ஸில் முன்பு எதையும் மாற்றும் எக்ஸ்டென்ஷன்கள் இருந்தன. 2017 நவம்பரில் வந்த 57ஆம் பதிப்பு பழைய வகை எக்ஸ்டென்ஷன்களை ஒட்டுமொத்தமாக நிறுத்தியது, விம்பரேட்டர் போன்றவை அதோடு போயின. அந்த நாளில் ஷார்ட்கட்டை இழந்தவர்கள் இன்னும் புலம்புவதில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு வழி மேல்மடைக்கே போவது. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸில் கீபோர்டு மேனேஜர் என்று ஒன்று உண்டு. அதில் ஒரு ஷார்ட்கட்டை இன்னொன்றாக மாற்றி, அது குரோமுக்கு மட்டும் என்று குறிப்பிடவும் செய்யலாம். ஃபயர்பாக்ஸில் பழகியவர் கண்ட்ரோல் ஷிஃப்ட் பி (P) அழுத்தினால் குரோமில் கண்ட்ரோல் ஷிஃப்ட் என் அழுத்தியது போல இன்காக்னிட்டோ திறக்க வைக்கலாம். பேக்ஸ்பேஸை மட்டும் இதில் மாற்றாதீர்கள். நீங்கள் பெட்டிக்குள் டைப் செய்கிறீர்களா, வெளியே இருக்கிறீர்களா என்பது பவர்டாய்ஸுக்குத் தெரியாது. அழிக்கப் போன ஒவ்வொரு முறையும் பக்கம் பின்னால் ஓடும். மேக் வைத்திருப்பவர்களுக்கு சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதியில் ஆப் ஷார்ட்கட்ஸ் இருக்கிறது. மெனுவில் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் அடித்தால் அதற்குப் புதுக் கீ கொடுக்கலாம்.

திரும்ப இன்ஸ்டால் செய்தால்?

உங்கள் அமைப்புகள், எக்ஸ்டென்ஷன்கள், சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் ப்ரொஃபைல் என்ற தனிக் கோப்புறையில் இருக்கின்றன. பிரவுசரை எடுத்தாலும், தரவையும் அழி என்று நீங்கள் சொல்லாதவரை, அந்தக் கோப்புறை அப்படியே இருக்கும். திரும்பப் போட்டதும் புதுப் பிரவுசர் அதையே எடுத்துக்கொள்ளும், பிரச்சினையும் கூடவே வரும். கோப்புறையையே அழித்தாலும், அமைப்புகளைக் கூகுள் கணக்கில் சேமித்துவைக்கும் சிங்க் வசதியைப் போட்டிருந்தால் லாகின் செய்ததும் அந்த எக்ஸ்டென்ஷன் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ப்ரொஃபைலைச் சந்தேகித்தால் அழிக்க வேண்டாம், பக்கத்தில் புதிதாக ஒன்று தொடங்கிப் பாருங்கள். குரோமில் வலது மேல் மூலையில் உள்ள வட்டப் படத்தைத் தட்டினால் புது ப்ரொஃபைல் சேர்க்கும் வழி இருக்கும். பலர் உட்காரும் கடை மெஷின் என்றால் ஆளுக்கொரு ப்ரொஃபைல் வைத்துவிடுவதே நல்லது. ஒருவர் போட்ட எக்ஸ்டென்ஷன் இன்னொருவர் கீயைப் பிடிக்காது. பவர்டாய்ஸில் செய்த மாற்றம் மட்டும் இந்தப் பிரிவுக்குள் வராது. ஒரே விண்டோஸ் கணக்கில் உட்காரும் எல்லோருக்கும் அது பொருந்தும், அதனால் என்ன மாற்றினீர்கள் என்று அடுத்த ஷிஃப்ட்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.